சட்டைப் பையில் ஒன்பது மணி நேரம்

ஒரு பெண்ணின் ஒன்பது மணி நேரக் குரலை நான் ஒருமுறை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் போயிருக்கிறேன். சீட்டுக்கட்டு அளவுகூட இல்லாத ஒரு பெட்டி அது. கையில் வைத்தால் கனமே தெரியாது. ஆட்டினால் உள்ளே எதுவும் குலுங்காது, காதில் வைத்தால் ஒரு சத்தமும் வராது. பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்த மாதிரிப் பெட்டிகளை இழுப்பறையில் ஸ்குரூக்களோடு ஸ்குரூவாக அள்ளிப் போட்டு வைத்திருப்பேன். அன்றைக்கு அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். இப்போது அந்த இழுப்பறையைத் திறந்தாலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் திறக்கிறேன்.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரு கம்ப்யூட்டர். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள். ஓரகத்திகள் என்றால் எதற்கெல்லாம் சண்டை வரும் என்று நமக்குத் தெரியும். இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டது குரல் பதிவில் விழுகிற அரை நொடி மூச்சுச் சத்தத்துக்காக. அதை வெட்ட வேண்டும் என்பாள் சின்னவள், இருக்கட்டும் என்பார் மூத்தவர்.

மூத்தவரை நாங்கள் எல்லோரும் வாசிப்பக்கா என்போம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் கண் தெரியாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று உண்டு. அவர்களுடைய பாடப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து தருவது இவர் வேலை. சின்னவள் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருமல், செருமல், தடுமாற்றம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து சுத்தமாக்குவாள். மூத்தவரின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் தண்ணீர்மேல். சின்னவளின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அதனால் ஊருக்கே மாஸ்டர்.

மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் போட்டு வைக்கும் அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவர் முழுக்கப் பழைய மெத்தை விரிப்புகளை ஆணியடித்திருந்தார்கள். உள்ளே ஒரு முக்காலி, தாள் வைக்க ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு மைக். மின்விசிறி கிடையாது, இருந்தால் அது இரைகிறதும் பதிவாகிவிடும். மைக்கின் ஒயர் கதவுக்கு அடியில் நுழைந்து கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வரும்.

வாசிப்பக்கா உள்ளே போகிற அழகை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் வயிறு நிறைய ரொட்டி சாப்பிடுவார். பசித்தால் வயிறு கத்தும், மைக் அதையும் விடாது. பால் சேர்த்த டீ குடிக்கமாட்டார், தொண்டையில் ஒட்டும். பிறகு ஒரு துண்டு ஆப்பிள். அதைக் கடித்துவிட்டுப் படித்தால் வாயில் எச்சில் சத்தம் வராதாம். வளையல்களைக் கழற்றிச் சின்னவள் கையில் கொடுப்பார். புத்தகத்தின் தையலைப் பிரித்து ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று. கையில் ஒரு பென்சில் இருக்கும். தப்பாகப் படித்துவிட்டால் நிறுத்திக்கொண்டு, பென்சிலால் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். அந்த இரண்டு தட்டும் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். சின்னவள் மணிக்கணக்கான பதிவை முழுக்கக் கேட்காமலேயே முள்ளைப் பார்த்து ஓடிப் போய் வெட்டிவிடுவாள்.

ஒரே ஒரு வினோதம். வாசிப்பக்கா தன் பதிவைத் தான் கேட்டதே இல்லை. "என் குரல எனக்கே கேக்கப் புடிக்காதுப்பா. யாரோ பொம்பள என் புடவையக் கட்டிட்டு வந்து நிக்கற மாதிரி இருக்கும்" என்பார். இத்தனை வருடத்தில் பதினாறு புத்தகம் படித்தாகிவிட்டது, பதினாறையும் அவர் கேட்டதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் கிழடு தட்டிப் போனதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணா, ஒரு பாடத்தத் தொறக்கச் சொன்னா, அது தொறக்கறதுக்குள்ள நான் துணி தொவச்சுக் காயப்போட்டுட்டு வந்துடறேன்" என்றாள் சின்னவள்.

"அத விடுங்க தலைவரே. சுவிட்சப் போட்டா திரை வர்றதுக்கு ஏழு நிமிஷம். நான் கைக்கடியாரம் வச்சுப் பாத்தேன்" என்றார் மாஸ்டர். அவர் தினமும் காலையில் தன் மாணவர்களின் பெயர்ப் பட்டியலை அதில்தான் பார்ப்பார்.

உடைந்த மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றிய, தகவல் சேமிக்கிற சின்ன டிரைவ் என்னிடம் சும்மா கிடந்தது. முப்பத்திரண்டு ஜிபி. உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, அதனால் மின்னல் வேகம். ஆனால் இடம் ரொம்பக் கொஞ்சம். அதை மேசைமேல் வைத்துவிட்டு, "இத ரெண்டு விதமா வைக்கலாம்" என்றேன். "ஒண்ணு, கம்ப்யூட்டரக் கிளப்பற மென்பொருள் முழுசையும் இதுல போட்டுடலாம். சுவிட்சப் போட்டா சட்டுனு எந்திரிக்கும். ஆனா அதுக்கே இடம் நெறஞ்சுடும், உங்க பதிவெல்லாம் பழையபடி கம்ப்யூட்டர்ல இருக்கற பெரிய டிஸ்க்லதான், அதே நத்தை வேகம். இன்னொண்ணு, எல்லாத்தையும் பெருசுலயே விட்டுட்டு, இத அதுக்குப் பக்கத்துல காவலுக்கு ஒக்கார வைக்கறது. நீங்க எத அடிக்கடி எடுக்கறீங்களோ அதோட நகல இது தன்கிட்ட வச்சுக்கும். அடுத்த தடவ கேட்டா பெருசுகிட்ட போகாம இதுவே எடுத்துக் குடுக்கும்."

"மொதல்ல சொன்னதுதான் சரி" என்றார் மாஸ்டர். "வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா அப்புறம் என்ன வண்டி?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஸ்டார்ட் பண்றீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஒரு தடவ."

"நான் எத்தன தடவ ஃபைலத் தொறக்கறேன் தெரியுமா? எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"அதான் துணி தொவச்சு முடிச்சுடறியே. எனக்கு நல்லதுதான?"

வாசிப்பக்கா சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதாவது பெருசுங்கறது பரண். இது அடுப்புக்குப் பக்கத்துல இருக்கற பலகை. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பரண்ல இருந்தா எவ ஏறி எறங்குவா? பலகையாவே இருக்கட்டும் தம்பி. ஆனா ஒண்ணு, எது உப்பு எது சர்க்கரைன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"யாரும் சொல்ல வேணாம்க்கா. அதுவே கவனிச்சுக்கும்."

"அதுவேவா?"

"ஒரு தடவ கேட்டா கண்டுக்காது. ரெண்டு தடவ, மூணு தடவ கேட்டா, ஓஹோ இது இவங்களுக்கு வேண்டியதுன்னு எடுத்து வச்சுக்கும்."

அவர் அதை உடனே மேசையில் வைத்துவிட்டார். பயந்து வைத்தாரா மதித்து வைத்தாரா என்று எனக்குப் புரியவில்லை.

மாஸ்டருக்குத் தோற்றுப்போன கடுப்பு. "சரி, நாளைக்கே இதக் கழட்டிட்டா பெருசு படுத்துடுமா?" என்றார்.

"படுக்காது மாஸ்டர். இதுல இருக்கறது வெறும் நகல்தான். அசல் பெருசுல பத்திரமா இருக்கும். இத நீங்க புடுங்கிக் கடாசினாலும் ஒண்ணும் ஆகாது."

வாய் கிழியச் சொன்னேன். அன்றைக்கு அது உண்மையும்கூட.

பத்தே நாளில் சின்னவள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, நேத்தவிட இன்னைக்கு வேகமா இருக்கு, அது எப்படி?" என்று கேட்டாள். நாளாக நாளாக அது இவர்களைப் படித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வேலை எனக்குப் பழகிப் போன ஒன்று, ஆனாலும் அவள் அப்படிக் கேட்டபோது எனக்கே அது அதிசயமாகத்தான் பட்டது.

தப்பு நடந்தது அடுத்த முறை போனபோது. திறப்பது சரியாகிவிட்டது, சேமிப்பதுதான் இழுக்கிறது என்றாள் சின்னவள். அதற்கும் ஒரு வழி உண்டு. புதிதாக எழுதுவதை முதலில் சின்னது வாங்கிக்கொள்ளும், வாங்கியதும் 'ஆச்சு' என்று சொல்லிவிடும். பிறகு கம்ப்யூட்டர் வேலையில்லாமல் சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்துப் பெரியதில் இறக்கி வைக்கும். அந்த முறைக்கு மாற்றிவிட்டேன். எவ்வளவு தாமதமாக இறக்கினால் அவ்வளவு வேகம் என்று, அளவை ஒரேயடியாகக் கடைசி வரைக்கும் தள்ளியும் வைத்தேன். சின்னவள் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள், கண் இமைக்கிற நேரத்தில் முடிந்தது. "அண்ணா!" என்று கத்தினாள். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் சின்னதில் இருப்பது வெறும் நகல் இல்லை, சில சமயம் அசலே அங்கேதான் இருக்கும் என்று சொல்ல மறந்துபோனேன். சூடாக ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம், கம்ப்யூட்டரைச் சும்மா விடமாட்டார்கள். கூடம் சின்னது, பெட்டி சூடேறினால் இருக்க முடியாது. வேலை முடிந்த கையோடு அணைத்துவிடுவார்கள். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

பிறகுதான் வாசிப்பக்காவின் தொண்டை. மூன்று மாதமாகக் கரகரப்பு. சளி என்று நினைத்து வெந்நீரும் தேனுமாகக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்று இரண்டு வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமையாகத் தேதி குறித்துவிட்டார். எடுத்தபிறகு குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, "வரலாம். வேற மாதிரியும் வரலாம். பேச்சு வந்தாலும் மணிக்கணக்கா படிக்க முடியுமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று சொல்லியிருக்கிறார்.

பதினேழாவது புத்தகத்தில் இன்னும் ஐந்து பாடம் பாக்கி. சட்டப் புத்தகம். விடுதியில் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இவர்கள் வைத்த பெயர் சட்டக்காரி. பரீட்சைக்கு ஆறு வாரம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வீட்டின் பின்பாதி, மாடிப்படியும் சேர்த்து, தகரக் கூரை. நாலு தூறல் விழுந்தாலே கொட்டுச் சத்தம், மெத்தை விரிப்பெல்லாம் அதனிடம் எடுபடாது. ஒரு வாரம் முழுக்க அவர் ஆப்பிளைக் கடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, கூரையைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்தார். செவ்வாய்க்கிழமை இரவோடு மழை விட்டது. புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாளில் ஒன்பது மணி நேரப் பதிவு. நடுவில் வெந்நீர், மறுபடி பதிவு. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டே படித்தாராம். சனிக்கிழமை மாலை கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வந்து, "முடிஞ்சுதும்மா" என்றார். டாக்டர் சொல்லியிருந்தபடி அதோடு வாயை மூடிக்கொண்டார். இனி அறுவை முடிந்து டாக்டர் அனுமதிக்கும்வரை ஒரு வார்த்தை கிடையாது. சின்னவள் ஒவ்வொரு பாடத்தையும் சேமித்தாள், கம்ப்யூட்டரை அணைத்தாள். பென் டிரைவில் ஏற்றுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஞாயிறு மதியம் மறுபடி மழை. நான் வீட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட உட்கார்ந்தேன். முதலில் சின்னவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் கருப்பா நிக்குது. வெள்ள எழுத்துல என்னமோ கேக்குது."

"என்ன கேக்குது, படி."

"ஜோடில ஒண்ணக் காணோமாம். பிரிச்சு விட்டுட்டு மேல போகட்டுமான்னு கேக்குது. ஆமான்னா ஒய் அழுத்தணுமாம்."

"அழுத்திட்டியா?"

"அழுத்தப் போனேன். அக்கா கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஒங்களக் கேட்டுட்டு அழுத்தச் சொல்லி எழுதிக் காட்டறாங்க."

"அழுத்தாத. எதையும் தொடாத. ஒயர் லூசாயிருக்கும், சாப்ட்டுட்டு வரேன்."

முட்டையில் பாதி முடிவதற்குள் மாஸ்டர்.

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகம். புது டிரைவ்ல சாஃப்ட்வேர் ஏத்தறப்போ, இதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும், பரவாயில்லையான்னு கேக்குதே. ஆமான்னு குடுத்துடவா?"

"புது டிரைவ்னா ஆமான்னு குடுங்க. ஏது டிரைவ்?"

"நம்ம வீட்டுதுதான். நீங்க வச்சீங்களே, அந்தச் சின்னது. அண்ணிதான் படிச்சு முடிச்சுட்டாங்களே, சும்மாதான இருக்குன்னு காலையில கழட்டிட்டு வந்தேன். ஸ்கூல்ல இருக்கற கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குது. அதுக்குப் போட்டா சட்டுனு…"

வாயில் இருந்த முட்டை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "மாஸ்டர், கைய எடுங்க."

"எங்கருந்து?"

"கீபோர்டுலருந்து கைய எடுங்க! ரெண்டு கையையும்!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். ஏன் கத்தறீங்க?"

நான் ஓடினேன். குடையை எடுத்தேனா, வீட்டைப் பூட்டினேனா, எதுவும் நினைவில்லை. டிரைவிங் ஸ்கூல் இரண்டு தெரு தள்ளி. மாஸ்டர் நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தக் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆமா, வேண்டாம் என்று இரண்டு கட்டம். 'ஆமா' என்பதன் மேல்தான் வெளிச்சம் இருந்தது. ஒரு விரல் பட்டால் போதும், அவ்வளவுதான் தூரம். கம்ப்யூட்டரை அணைத்தேன், ஒயரைக் கழற்றினேன், டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

பயிற்சிக் காரில் போனோம். அதில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாஸ்டர் ஓட்ட, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வைப்பர் தண்ணீரைத் தள்ளத் தள்ள மழை மறுபடி ஊற்றியது. விஷயத்தைச் சொன்னேன். நான்கு நாள் வேலையும் பெரிய டிஸ்க்கில் இறங்கியே இருக்காது, எல்லாம் இதில்தான் என்று சொன்னேன். 

"அப்ப நகல்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அப்புறம் மாத்தினேன். மாத்தினதச் சொல்லல. தப்பு என்மேலதான் மாஸ்டர்."

"நானும் கேட்டிருக்கணும். அண்ணி பேசக் கூடாது, இவ தூங்கிட்டிருந்தா. ஒரு ஸ்குரூதானேன்னு…" கியரை மாற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு, "அழிஞ்சிருக்குமா?" என்றார்.

"தெரியாது."

"தலைவரே, மொதல்ல பிரேக்லருந்து கால எடுங்க. வண்டி நகரவே மாட்டேங்குது."

வீட்டில் நுழைந்ததும் பார்த்தது சின்னவளை. மாடிப்படிக்குக் கீழே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வாசிப்பக்கா உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் வளையல் இல்லை. பலகைமேல் பதினொன்றாம் பாடத்தின் முதல் தாள், பென்சில், ஒரு கடி கடித்த ஆப்பிள். கம்ப்யூட்டர்தான் ஓடவில்லையே, செல்போனை மைக்காக நிற்க வைத்திருந்தார். தலைக்கு மேல் தகரம் இடித்துக்கொண்டிருந்தது.

"பெட்டியத் தொறந்து பாத்தேண்ணா. அதக் காணோம்" என்றாள் சின்னவள். "பதிவெல்லாம் போயிடுச்சுக்கான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்பத்துலருந்து இங்க வந்து ஒக்காந்துட்டாங்க. மறுபடி படிக்கப் போறாங்களாம். நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு! சொல்லுங்கண்ணா!"

வாசிப்பக்கா என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார், மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார்.

"வேணாம்க்கா! எல்லாம் இருக்கு! என் பையில இருக்கு!" என்று கத்தினேன்.

இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. ஆனால் அவர் வாயை மூடினார். நான் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டியதை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்து வெளியே வந்தார்.

பெட்டியைத் திறந்து டிரைவை அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். அதே ஒயர், அதே துளை. மாஸ்டர் டார்ச் பிடித்தார். சுவிட்சைப் போட்டேன். கருப்புத் திரை. வெள்ளை எழுத்து எதுவும் வரவில்லை. ஏழு நிமிடம் என்று மாஸ்டர் அன்றைக்குச் சொன்னாரே, அது பிறகு மூன்றாகக் குறைந்திருந்தது. அந்த மூன்று நிமிடமும் மாஸ்டர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

திரை வந்தது. சின்னவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. ஐந்து பெயரும் வரிசையாக இருந்தன. பெயர் இருந்தால் போதாது என்று எனக்குத் தெரியும். "தொறம்மா" என்றேன்.

திறந்தாள். உடனே திறந்தது.

"பாடம் பதினொன்று. பக்கம் இருநூற்று ஏழு" என்றது அந்தக் குரல். தெளிவாக, நிதானமாக, அடியில் அந்த மூன்று மாதக் கரகரப்போடு. பிறகு ஒரு சின்ன நிறுத்தம். பிறகு அதே குரல், "ஏம்மா, அந்தக் குக்கர நிறுத்தேன். நாலு விசில் ஆச்சு, சட்டமே மறந்து போகுது" என்றது.

மாஸ்டர் சிரித்தார், சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவள் வாய்விட்டு அழுதாள்.  என் பையில் நனையாமல், அசையாமல், ஒரு சத்தமும் போடாமல் வந்த பொருளுக்குள் இந்தக் குரல் இருந்திருக்கிறது, மூச்சு இருந்திருக்கிறது, குக்கர் விசில்கூட இருந்திருக்கிறது. பெரிய டிஸ்க் என்ன செய்தது? ஜோடியைக் காணாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டேன் என்று மதியத்திலிருந்து கருப்பாக நின்றிருக்கிறது. அது தன் போக்கில் எழுந்து ஓடியிருந்தால் எல்லாம் குழம்பிப் போயிருக்கும். ஒன்று மூடி வைத்தது, இன்னொன்று காத்து நின்றது. இரண்டையும் கும்பிடத் தோன்றியது.

முதலில் எல்லாவற்றையும் மூன்று பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு சின்னதிலிருந்து பெரியதில் இறக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய, நகல் மட்டும் வைக்கிற முறைக்கு மாற்றினேன். இந்த முறை மூன்று பேரையும் நிற்க வைத்து விளக்கிச் சொன்னேன். பிறகு வாசிப்பக்காவிடம், "அக்கா, நான்தான் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுடுங்க" என்றேன். அவர் தாளை இழுத்து எழுதிக் காட்டினார். 'பாதி முட்டை மீசையில் இருக்கு. உட்கார்ந்து சாப்பிடு.'

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சின்னவள் பதிவை நிறுத்தப் போனபோது வாசிப்பக்கா கையை நீட்டித் தடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினாறு புத்தகத்தில் ஒரு வரிகூடக் கேட்காதவர், தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கை தொண்டையில், ஒரு கையில் பென்சிலோடு கேட்க ஆரம்பித்தார். நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம், சூப் குடித்தோம், அவர் எழுந்திருக்கவில்லை. உதடு மட்டும் கூடவே அசைந்தது. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, பதின்மூன்றாம் பாடத்தின் நடுவில், கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

டக், டக்.

சின்னவள் ஓடிவந்தாள். வாசிப்பக்கா தாளில் ஒரு வரியைப் பென்சிலால் காட்டினார். மேல்முறையீடு செய்ய அறுபது நாள் அவகாசம் என்று அச்சாகியிருந்தது. அவர் தொண்ணூறு நாள் என்று படித்திருந்தார். படித்தது அவருக்கே தெரியவில்லை, அதனால் அன்றைக்குத் தட்டவும் இல்லை. சட்டம் படிக்கிற பிள்ளைக்கு முப்பது நாள் வித்தியாசம் என்பது விளையாட்டில்லை.

"கவலப்படாதீங்கக்கா" என்றாள் சின்னவள். "வேற எடத்துல எங்கயாவது அறுபதுன்னு படிச்சிருப்பீங்க. அத வெட்டி எடுத்து இங்க ஒட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

வாசிப்பக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தாளின் ஓரத்தில் எழுதினார். எழுத்து நிதானமாக இருந்தது.

'வெட்டி ஒட்டாதே. அந்த வரியை நானே வந்து படிப்பேன்.'

 அவர் வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டார். மறுநாள் காலை மாஸ்டர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஐந்து பாடமும் விடுதிக்குப் போனது, பதின்மூன்றில் ஒரு வரி மட்டும் பிறகு திருத்தி அனுப்புவோம் என்ற தகவலோடு.

பதினெட்டு நாள் அந்த வீடு பேச்சில்லாமல் நடந்தது. பத்தொன்பதாம் நாள் சின்னவள் கூப்பிட்டு, மைக் ஒயர் சரியில்லை, வந்து பாருங்கள் என்றாள். போனேன். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. தனியாக அந்த நேரத்தைத் தாங்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். வெளியே நல்ல வெயில், தகரம் அமைதியாக இருந்தது. வாசிப்பக்கா ரொட்டி சாப்பிட்டார், ஆப்பிள் கடித்தார், வளையலைக் கழற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு மூச்சு மெல்லிய கோடாக வந்தது. பிறகு குரல். அது எங்களுக்குத் தெரிந்த குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, கனமாக, மணல்மேல் எதையோ இழுப்பது போல வந்தது. "மேல்முறையீடு செய்ய அறுபது நாள் அவகாசம் உண்டு." ஒரே வரி. பென்சில் தட்டும் என்று காத்திருந்தோம். தட்டவில்லை. சின்னவள் அந்த வரியை அதன் இடத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் பழைய குரல், நடுவில் இது. மூச்சுச் சத்தத்தைக்கூட அவள் வெட்டவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை நான் அங்கே இருந்தேன். சட்டக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். சின்னவள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எல்லாம் கேட்டு முடிச்சுட்டேன். குக்கர் விசிலோட" என்றாள் சட்டக்காரி. "நீங்க அவசரத்துல வெட்டாம அனுப்பிட்டீங்க போல. விடுதியில எல்லாரும் அத ரெண்டு தடவ போட்டுக் கேட்டோம். ஒரு சந்தேகம். பதிமூணாம் பாடத்துல ஒரே ஒரு வரிய மட்டும் வேற யாரோ படிச்சிருக்காங்களே. புதுசா ஆள் சேந்திருக்காங்களா? யாரு அது?"

சின்னவள் வாசிப்பக்காவைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"அதுவும் நான்தாம்மா" என்றார்.

 விடுதியில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"நான்தாம்மா."

"இன்னும் ஒரு தடவ. கேக்கக் கேக்கத்தான எனக்குப் பழகும்."

வாசிப்பக்கா தொண்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு மூன்றாவது தடவையும் சொன்னார்.